ஏதென்ஸை எங்கே குடிவைப்பது?

அன்புள்ள நண்பருக்கு,

கோ மொழியின் மாட்யூல்களைச் சேமித்துக் கொடுக்க உங்கள் அலுவலகத்தில் டாக்கரில் ஓடிக்கொண்டிருக்கும் ஏதென்ஸ் பிராக்ஸியை முறையான டெபியன் பேக்கேஜாக மாற்றப்போவதாக எழுதியிருந்தீர்கள். கண்ட்ரோல் கோப்பையும் சிஸ்டம்டி சர்வீஸ் கோப்பையும் நிறுவும், நீக்கும் ஸ்கிரிப்ட்டுகளையும் இணைத்து, "சரிதானா, பார்த்துச் சொல்லுங்கள்" என்றும் கேட்டிருந்தீர்கள். பார்த்தேன். சுத்தமாக எழுதியிருக்கிறீர்கள், பேக்கேஜ்களைச் சோதிக்கும் லின்டியனை ஓட்டினாலும் பெரிதாகக் குறை சொல்லாது. ஆனால் சர்வீஸ் கோப்பில் ஒரு வரியை மட்டும் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. மாட்யூல்களைச் சேமிக்கும் இடத்தை /வார்/கேஷ் அடியில் வைத்து, 'கேஷ்டைரக்டரி=ஏதென்ஸ்' என்று போட்டிருக்கிறீர்கள். அதை மாற்றிவிடுங்கள். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். இதே வேலையில் இருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன். அவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை சேர்க்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோ மொழி 2009 நவம்பரில் வெளியானது. பெர்ல்காரர்களுக்கு சிபான், பைத்தான்காரர்களுக்கு பைபிஐ என்று மற்றவர்களுக்கெல்லாம் பொதுக் களஞ்சியம் ஒன்று இருந்தது. கோ மொழியை வடிவமைத்தவர்கள் அப்படி எதையும் வைக்கவில்லை. நிரலின் தலைப்பில் எந்த முகவரியை இம்போர்ட் செய்கிறீர்களோ, அந்த நூலகம் குடியிருப்பதும் அங்கேதான். எங்கும் போய்ப் பதிவு செய்ய வேண்டாம், பெயருக்காக யாரோடும் மல்லுக்கட்ட வேண்டாம், கிட்ஹப்பில் போட்டால் போதும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் காலத்தில் 'கோ கெட்' என்று தட்டினால், அந்த நிமிடம் பிரதான கிளையில் என்ன கிடக்கிறதோ அதுதான் வந்து இறங்கும். காலையில் ஆன பில்ட் மாலையில் ஆகாது. முன்பின் தெரியாத யாரோ ஒருவர் தன் கணக்கை மூடினால், அவரை நம்பியிருந்தவர்களின் பில்ட் எல்லாம் நின்றுபோகும்.

நடக்காததைச் சொல்லவில்லை. 2016 மார்ச்சில் 'லெஃப்ட்-பேட்' என்ற 11 வரி நூலகத்தை அதன் ஆசிரியர் ஜாவாஸ்கிரிப்ட்காரர்களின் களஞ்சியமான என்பிஎம்மிலிருந்து நீக்கியதும் ஊரெல்லாம் பில்ட் உடைந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். கோ உலகில் இதெல்லாம் அவ்வளவு சத்தமில்லாமல் நடந்தது. 2017ல் 'லாக்ரஸ்' நூலகத்தின் முகவரியில் பயனர் பெயரின் முதல் எழுத்து பெரிய எழுத்திலிருந்து சிறிய எழுத்துக்கு மாறியது. மாறியது ஒரே ஒரு எழுத்து. பழைய முகவரியில் ஒரு நூலகமும் புதிய முகவரியில் இன்னொரு நூலகமும் அதையே கேட்க, இரண்டும் ஒரே பில்டில் மோதிக்கொண்டன. 2018 பிப்ரவரியில் 'கோ-பின்டேட்டா' எழுதியவர் தன் கிட்ஹப் கணக்கையே நீக்கிவிட்டார். காலியான அந்தப் பயனர் பெயரை வேறொருவர் எடுத்துக்கொண்டு, உடைந்த பில்டுகள் ஓடட்டும் என்று அதே நூலகத்தை அதே முகவரியில் திரும்ப வைத்தார். நல்லெண்ணத்தில்தான் செய்தார். ஆனாலும் பலருக்கு அன்று தூக்கம் போயிருக்கும். நல்லவர் எடுத்த பெயரைக் கெட்டவரும் எடுத்திருக்கலாம் இல்லையா?

அதே மாதம்தான் கோ அணியின் ரஸ் காக்ஸ் 'விகோ' என்ற தன் யோசனையைத் தொடர் கட்டுரைகளாக எழுதினார். ஆகஸ்டில் வந்த கோ 1.11ல் மாட்யூல் ஏற்பாடு சோதனை முறையில் நுழைந்தது. நூலகம் ஒவ்வொன்றுக்கும் வெர்ஷன் எண். அந்த வெர்ஷனின் கோப்புகளிலிருந்து கணக்கிட்ட ஷா-256 செக்சம், உங்கள் நிரலோடு சேர்ந்து 'கோ.சம்' கோப்பில் பதிவாகிவிடும். கூடவே பிராக்ஸிக்கென்று ஒரு நெறிமுறையும் வந்தது. அந்த நெறிமுறையை வகுத்தவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம், அவ்வளவு எளிமை. கேட்கக்கூடிய கேள்விகளே ஐந்துதான். என்னென்ன வெர்ஷன் இருக்கிறது, கடைசி வெர்ஷன் எது, இந்த வெர்ஷனின் தகவல் என்ன, இதன் கோ.மாட் கோப்பைக் கொடு, இதன் ஜிப்பைக் கொடு. எல்லாமே சாதாரண எச்டிடிபி கெட். கோப்புகளை உரிய பெயரில் அடுக்கிவைத்த ஒரு டைரக்டரியே பிராக்ஸியாக வேலை செய்யும், சர்வர்கூட வேண்டாம். லாக்ரஸ் பாடமும் இதில் ஏறியிருக்கிறது. முகவரியில் வரும் ஒவ்வொரு பெரிய எழுத்தும் ஓர் ஆச்சரியக்குறியும் சிறிய எழுத்துமாக மாற்றி எழுதப்படும். பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் பிரித்துப் பார்க்காத கோப்பு முறைமையிலும் இரண்டு பெயர்கள் ஒன்றாகிவிடக் கூடாது என்பதற்காக.

2019 செப்டம்பரில் வந்த கோ 1.13 முதல், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் கூகுள் நடத்தும் பிராக்ஸி வழியாகத்தான் எல்லாம் வரும். அது இருக்க அலுவலகத்தில் தனியாக ஒன்று எதற்கு என்று உங்கள் மேலாளர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்வி. உங்கள் சொந்த மாட்யூல்கள் அதற்குத் தெரியாது, தெரியவும் கூடாது என்பது ஒரு பதில். சில இடங்களில் அந்த முகவரியே திறக்காது என்பது இன்னொன்று. சீனாவில் அதற்கென்றே தனி பிராக்ஸி நடத்துகிறார்கள். ஆனால் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் பதில் வேறு. எல்லாவற்றையும் என்றென்றைக்கும் வைத்திருப்போம் என்று கூகுளின் பிராக்ஸி வாக்குக் கொடுக்கவில்லை. ஒரு மாட்யூலில் மறுபடி வினியோகிக்க அனுமதிக்கும் உரிமம் இருப்பதாக அதற்குத் தெரியாவிட்டால், தற்காலிக நகல் மட்டுமே இருக்கும். மூலத்தில் அழிந்தால் அங்கும் ஒருநாள் காணாமல் போகலாம் என்று அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். லைசென்ஸ் கோப்பு போட மறந்த ஒரு சின்ன நூலகத்தை உங்கள் பில்ட் நம்பியிருக்காது என்று உங்களால் சத்தியம் செய்ய முடியுமா? என்னால் முடியாது.

ஏதென்ஸ் இந்த இடத்துக்காக எழுதப்பட்டது. 2018ல் தொடங்கிய திறமூலத் திட்டம், அதுவும் கோ மொழியில். கேட்ட மாட்யூல் கையில் இருந்தால் கொடுக்கும். இல்லாவிட்டால் மூலத்திலிருந்து எடுத்துவந்து சேமித்துக்கொண்டு கொடுக்கும். சேமிப்பிடமாக உள்ளூர் டிஸ்க், எஸ்3, மின்ஐஓ, மோங்கோ என்று பலவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். உங்களுக்கு டிஸ்க் போதும்.

டிஸ்க்கில் அது எப்படி அடுக்கிவைக்கிறது என்று ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். கிட்ஹப்.காம் என்று ஒரு டைரக்டரி. அதற்குள் கொரில்லா, அதற்குள் மக்ஸ், அதற்குள் வி1.8.0. அங்கே மூன்றே கோப்புகள்: கோ.மாட், சோர்ஸ்.ஜிப், வி1.8.0.இன்ஃபோ. கடைசிக் கோப்பைத் திறந்தால் வெர்ஷன் எண்ணும் அது வெளியான நேரமும் ஜேசன் வடிவில் இருக்கும். தரவுத்தளம் இல்லை, அட்டவணை இல்லை. 'ஆர்சிங்க்' போட்டால் பேக்கப் ஆகிவிடும். உதாரணத்துக்கு கொரில்லாவை எடுத்ததற்கும் காரணம் உண்டு. ஆயிரக்கணக்கான திட்டங்கள் நம்பியிருந்த அந்தத் தொகுப்பை 2022 டிசம்பரில் பராமரிப்பவர்கள் கைவிட்டு, படிக்க மட்டும் முடியும்படி பூட்டினார்கள். அடுத்த ஆண்டு புதியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அன்று பூட்டியதோடு விட்டார்கள், அழிக்கவில்லை. அழித்திருந்தாலும் கேட்பதற்கு நாம் யார்?

இப்போது உங்கள் வரிக்கு வருகிறேன்.

லினக்ஸில் எந்தக் கோப்பு எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு எஃப்எச்எஸ் என்ற தரநிலை இருக்கிறது. டெபியனும் ஏறக்குறைய அதன்படிதான் நடக்கிறது. /வார்/கேஷ் பற்றி அது சொல்வது தெளிவு. அங்கே இருப்பதை நிரலோ நிர்வாகியோ எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம், நிரல் அதை மறுபடி உண்டாக்கிக்கொள்ள முடிய வேண்டும். சாதாரண பேக்கேஜ் பிராக்ஸிகளுக்கு இது பொருந்தும். 'ஆப்ட்-கேஷர்-என்ஜி' தன் சேமிப்பை /வார்/கேஷில் வைப்பது சரியே. அதை அழித்தால் டெபியனின் மிரர்கள் இருக்கின்றன, பழைய வெர்ஷன்களுக்கு ஸ்னாப்ஷாட் காப்பகமும் இருக்கிறது. ஒரு மதியம் லைன் கொஞ்சம் திணறும், அவ்வளவுதான்.

ஏதென்ஸுக்கு அந்தப் பின்புலம் இல்லை. அதற்குப் பின்னால் நிற்பது யார் யாரோ வைத்திருக்கும் கிட் களஞ்சியங்கள். அழிந்தால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை இரண்டு விதத்தில் பொய்க்கும். களஞ்சியமே போயிருக்கலாம், அது எல்லோருக்கும் தோன்றுவதுதான். இன்னொன்று அவ்வளவு சீக்கிரம் தோன்றாது. களஞ்சியம் அங்கேயே இருக்கும், ஆசிரியர் வி1.2.0 டேகை மட்டும் வேறு கமிட்டுக்கு நகர்த்தியிருப்பார். ஒரு சின்னப் பிழையைத் திருத்திவிட்டு, புதிய எண் கொடுக்கச் சோம்பல்பட்டு, பழைய டேகையே இழுத்து ஒட்டியிருப்பார். செய்யக் கூடாது என்று ஆவணங்கள் சொல்கின்றன, செய்கிறவர்கள் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். உங்கள் கோ.சம்மில் இருப்பது பழைய செக்சம். ஏதென்ஸின் சேமிப்பில் இருப்பதும் பழையது, ஆகவே பில்ட் ஓடும். சேமிப்பை அழித்து மறுபடி மூலத்திலிருந்து எடுத்தால் வருவது புதியது. செக்சம் பொருந்தாது, கோ கருவி அங்கேயே நிறுத்திவிடும். ஆக, களஞ்சியம் உயிரோடு இருந்தும் அந்தப் பழைய ஜிப் இந்த உலகத்தில் உங்கள் சர்வரில் மட்டுமே இருந்திருக்கும்.

அதைக் கொண்டுபோய் /வார்/கேஷில் வைப்பது, விதைநெல்லைச் சமையல் அரிசிப் பானையில் கொட்டிவைப்பது போல. வீட்டில் யாரும் தப்பு செய்ய வேண்டியதில்லை. வழக்கம்போலச் சமைத்தாலே தீர்ந்துவிடும்.

உங்கள் சர்வரிலும் வழக்கம்போல நடப்பவை போதும். டிஸ்க் நிரம்புகிறது என்று அலாரம் அடித்தால், பாதி ராத்திரியில் விழித்த நிர்வாகி முதலில் கைவைக்கும் இடம் /வார்/கேஷ். பேக்கப் எடுக்கும்போது விட்டுவிடு என்று எழுதும் பட்டியலிலும் அது இருக்கும். இன்னொன்று, பலர் கவனிக்காதது. சிஸ்டம்டியில் 'சிஸ்டம்சிடிஎல் க்ளீன்' என்று ஒரு கட்டளை உண்டு. சர்வீஸை நிறுத்திவிட்டு வேறெதுவும் சொல்லாமல் அதை ஓட்டினால், அந்த சர்வீஸின் கேஷ் டைரக்டரியையும் ரன்டைம் டைரக்டரியையும் துடைத்துவிடும். 'ஸ்டேட்டைரக்டரி' என்று அறிவித்ததைத் தொடாது. அதைத் தனியாகப் பெயர்சொல்லிக் கேட்க வேண்டும். உங்கள் சர்வீஸ் கோப்பின் ஒரே ஒரு வரியில் இவ்வளவும் தொங்கிக்கொண்டிருக்கிறது. 'ஸ்டேட்டைரக்டரி=ஏதென்ஸ்' என்று மாற்றுங்கள். சேமிப்பு /வார்/லிப்/ஏதென்ஸுக்குப் போகட்டும்.

ஏதென்ஸோடு வரும் மாதிரி கான்ஃபிக் கோப்பையும் அப்படியே பேக்கேஜில் போட்டுவிடாதீர்கள். அதில் சேமிப்பு வகை 'மெமரி' என்று இருக்கும். சோதித்துப் பார்க்கிறவர்களுக்கு அது வசதி. பேக்கேஜாக நிறுவியவர் அதையே ஓட்டினால் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் எல்லாம் போய்விடும், அதுவும் யாருக்கும் தெரியாமல் போகும். ஏனென்றால் அடுத்த கோரிக்கையில் மூலத்திலிருந்து மறுபடி வந்துவிடுகிறதே! 'டிஸ்க்' என்று மாற்றி, பாதையைக் குறிப்பிட்டு, /ஈடிசி அடியில் வையுங்கள். போர்ட்டையும் பாருங்கள். ஏதென்ஸ் இயல்பாகக் கேட்பது 3000. கிராஃபானாவும் அதே போர்ட்தான், கிட்டீயும் அதேதான். ஒரே மெஷினில் இவை சேர்ந்து வாழும் அலுவலகங்கள் ஏராளம். மூலத்தில் உள்ளதை மாற்றாமல் விடுவது பேக்கேஜ் கட்டுபவர்களின் மரபு, எனவே 3000ஐ விட்டுவிடலாம். ஆனால் கான்ஃபிக் கோப்பில் அந்த வரிக்கு மேலே ஒரு குறிப்பு எழுதிவையுங்கள்.

டிபெண்டென்சி பட்டியலில் கோ கம்பைலரை 'ரெகமெண்ட்ஸ்' பகுதியில் போட்டிருக்கிறீர்கள். உங்கள் நினைப்பு புரிகிறது. கோ மொழியில் எழுதிய சர்வர், ஒற்றை பைனரியாகக் கட்டியாயிற்று, ஓடும் இடத்தில் கம்பைலர் எதற்கு என்று நினைத்திருப்பீர்கள். மற்ற எல்லா கோ நிரலுக்கும் அது சரி. ஏதென்ஸ் மட்டும் விதிவிலக்கு. புதிய மாட்யூலை எடுக்க அது உள்ளே 'கோ மாட் டவுன்லோட்' என்ற கட்டளையையே ஓட்டுகிறது. கோ கருவி மூலத்திலிருந்து எடுக்க கிட்டை அழைக்கிறது. கோ இல்லாவிட்டால் ஏற்கெனவே சேமித்ததைக் கொடுக்குமே தவிர, புதிதாக ஒன்றைக்கூட எடுக்காது. எனவே கோவும் கிட்டும் 'டிபெண்ட்ஸ்' பகுதியில் இருக்க வேண்டும். மெர்க்குரியல், சப்வெர்ஷன், பசார் இவற்றையெல்லாம் வரிசையாகக் கட்டாயமாக்க வேண்டாம். கோ 1.16 முதல் பொது மாட்யூல்களுக்கு கிட்டும் மெர்க்குரியலும் மட்டுமே இயல்பாக அனுமதி. மற்றவை 'சஜஸ்ட்ஸ்' பகுதியில் கிடக்கட்டும்.

டெபியன் வெர்ஷனும் முக்கியம். டெபியன் 12ல் வருவது கோ 1.19; 13ல் 1.24. கோ 1.21க்குப் பிறகு கோ.மாட் கோப்பில் 1.21.0 என்று மூன்று பகுதியாக வெர்ஷன் எழுதும் வழக்கம் வந்துவிட்டது. 1.19 கருவிக்கு அது புரியாது. அப்படி எழுதிய நிரலைக் கட்டச் சொன்னால் முதல் வரியிலேயே முறைக்கும். 12ல்தான் இருந்தாக வேண்டும் என்றால் பேக்போர்ட்ஸிலிருந்து எடுங்கள்.

13க்குப் போனால் அங்கே வேறொரு பொறி. அந்த வெர்ஷனிலிருந்து /டெம்ப் இயல்பாகவே நினைவகத்தில் இருக்கிறது. ஏதென்ஸ் மாட்யூலை எடுத்து ஜிப் ஆக்கும்வரை தற்காலிக டைரக்டரியில்தான் வேலை செய்யும். மாட்யூல் ஜிப்புக்கு கோ கருவி வைத்திருக்கும் உச்சவரம்பு 500 எம்பி. திங்கட்கிழமை காலை எல்லோரும் ஒன்றாக பில்ட் தட்டும்போது, கிளவுட் நிறுவனங்களின் கனமான எஸ்டிகே நூலகங்கள் நாலைந்து ஒரே நேரத்தில் இறங்கினால், சின்ன சர்வரின் ராம் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். தற்காலிக டைரக்டரியை மாற்ற ஏதென்ஸ் கான்ஃபிக்கில் 'கோகெட்டிர்' என்ற அமைப்பு உண்டு. அதை டிஸ்க்கில் ஓர் இடத்துக்குத் திருப்புங்கள். அந்த இடம் /வார்/கேஷ்/ஏதென்ஸாக இருக்கலாம். ஆம், உங்கள் கேஷ் டைரக்டரி வரிக்கு இங்கேதான் வேலை. அதில் கிடப்பவை தாராளமாக அழியட்டும்.

சர்வீஸுக்கென்று நீங்கள் உருவாக்கும் பயனரின் ஹோம் டைரக்டரி '/நான்எக்ஸிஸ்டென்ட்' என்று இருக்கிறது. டெபியன் வழக்கப்படி சரி. ஆனால் அலுவலகத்தின் தனியார் களஞ்சியங்களுக்கான கடவுச்சொல்லை கிட் தேடுவது ஹோமில் இருக்கும் '.நெட்ஆர்சி' கோப்பில். எஸ்எஸ்எச் வழி என்றால் சாவியும் அங்கேதான். ஹோமே இல்லை என்றால், பொது மாட்யூல்கள் எல்லாம் வரும், உங்களுடையது மட்டும் வராது. லாகில் 404 என்று மட்டும் தெரியும். ஹோமை /வார்/லிப்/ஏதென்ஸ் என்றே வைத்துவிடுங்கள். டெவலப்பர்களின் மெஷினில் 'கோபிரைவேட்' அமைத்தால் அவர்கள் தனியார் மாட்யூல்களுக்கு ஏதென்ஸையே தாண்டிப் போய்விடுவார்கள். 'கோநோசம்டிபி' மட்டும் அமைக்கச் சொல்லுங்கள். செக்சம் சரிபார்க்க வெளியே கேட்க மாட்டார்கள், மாட்யூல் ஏதென்ஸ் வழியாகவே வரும். உங்கள் திட்டங்களின் பெயர்கள் வெளியே கசியாமல் இருக்க ஏதென்ஸ் பக்கத்திலும் அதே பெயர் வடிவங்களைச் சொல்லிவைக்க வழி இருக்கிறது.

கட்டும் முறை பற்றி நீங்கள் பெரிதாகக் கவலைப்பட்டிருந்தீர்கள். வேடிக்கையான நிலைமைதான். மாட்யூல்களைச் சேமித்துக் கொடுக்கும் சர்வரைக் கட்ட அதன் மாட்யூல்கள் வேண்டும். டெபியனில் கட்டும்போது நெட் கிடையாது, இது மீற முடியாத விதி. அதிகாரபூர்வமாக டெபியனுக்குள் அனுப்புவதாக இருந்தால், ஏதென்ஸ் நம்பியிருக்கும் நூலகம் ஒவ்வொன்றும் தனித்தனி பேக்கேஜாக முதலில் உள்ளே இருக்க வேண்டும். எஸ்3, அஷூர், கூகுள் கிளவுட், மோங்கோ, ரெடிஸ், எட்சிடி என்று அது எல்லாவற்றோடும் பேசுவதால் அந்த வரிசை நீளம். நூலகங்களை நிரலோடு சேர்த்தே கட்டிவைப்பது டெபியனில் வரவேற்கப்படுவதில்லை. குபெர்னெட்டீஸ் பேக்கேஜ் அப்படி வந்தபோது 2020ல் விவகாரம் அவர்களுடைய தொழில்நுட்பக் குழு வரை போனது. குழு பராமரிப்பாளர் முடிவில் தலையிடவில்லை, ஆனாலும் வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை. நீங்கள் கட்டுவது அலுவலகத்துக்கு. 'கோ மாட் வெண்டர்' ஓட்டி, வரும் டைரக்டரியை மூல டார் கோப்போடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஓப்பன்சூசே கூட்டத்தார் இதே வேலைக்கு ஒரு சேவையே எழுதி வைத்திருக்கிறார்கள். நிக்ஸ்காரர்கள் வெண்டர் டைரக்டரியின் செக்சத்தை எழுதிவைத்து, அது பொருந்தினால் மட்டும் கட்டுகிறார்கள். கட்டும்போது 'கோடூல்செயின்=லோக்கல்' என்று வைக்க மறக்காதீர்கள். 1.21க்குப் பிறகு கோ கருவி, தேவைப்பட்டால் தன்னையே புதிதாக நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ளப் பார்க்கும். வெண்டர் செய்த ஒவ்வொரு நூலகத்தின் உரிமத்தையும் காப்பிரைட் கோப்பில் எழுதும் வேலை இருக்கிறதே, அதைப் பற்றி ஆறுதல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

பேக்கேஜை நீக்கும் ஸ்கிரிப்ட்டில் 'பர்ஜ்' வரும்போது சேமிப்பை அழிக்கும் வரியை எடுத்துவிடுங்கள். மரியாடிபி பேக்கேஜைப் பர்ஜ் செய்தால், தரவையும் அழிக்கட்டுமா என்று அது கேட்கும். உங்களுக்கு டெப்கான்ஃப் கேள்வி எழுதும் பொறுமை இருந்தால் அப்படிச் செய்யுங்கள். இல்லாவிட்டால் அழிக்காமல் விட்டு, 'தரவு இன்ன இடத்தில் இருக்கிறது' என்று ஒரு வரி அச்சிட்டால் போதும்.

"எல்லாவற்றையும் வைத்துக்கொண்டே இருந்தால் குப்பையும் நஞ்சும் சேராதா?" என்று ஒருவர் உங்கள் கூட்டத்தில் கேட்டாராம். சேரும். 'போல்ட்டிபி' என்ற பிரபலமான நூலகத்தின் பெயரைப் போலவே பெயர் வைத்து, பின்வாசல் ஒளித்த ஒரு மாட்யூலை ஒருவர் 2021ல் வெளியிட்டார். கூகுளின் பிராக்ஸி அதைச் சேமித்துக்கொண்டது. பிறகு அவர் கிட்ஹப்பில் டேகை நல்ல நிரலுக்கு நகர்த்திவிட்டார். களஞ்சியத்தைத் திறந்து பார்ப்பவருக்குச் சுத்தமாகத் தெரியும், பிராக்ஸி வழியாக இறக்குபவருக்கு நஞ்சு வரும். 2025 பிப்ரவரியில்தான் சாக்கெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் இதை வெளியே சொன்னது. பழைய டேகைக் காப்பாற்றிக் கொடுக்கும் அதே குணம்தான் இங்கே திருடனுக்கும் உதவியது. ஆனால் இதற்கு மருந்து, எல்லாவற்றையும் அவ்வப்போது துடைப்பது அல்ல. துடைத்தால் நல்லதும் சேர்ந்து போகும். கெட்டது மூலத்தில் இன்னும் இருந்தால், யாராவது கேட்டதும் மறுபடி வரும். எந்த வெர்ஷன் கெட்டது என்று தெரிந்தால், அந்த வெர்ஷன் டைரக்டரியை, அதிலிருக்கும் மூன்று கோப்புகளோடு நீக்கிவிட்டு, ஏதென்ஸின் ஃபில்டர் கோப்பில் அதைத் தடுங்கள். ஃபில்டர் கோப்புக்கு /ஈடிசியில் இடம் ஒதுக்கி, காலியாகவேனும் பேக்கேஜோடு கொடுங்கள்.

இடையில் இன்னொன்று. பிராக்ஸி வைத்தால் மூலத்துக்குச் சுமை குறையும் என்றுதான் எல்லோரும் நம்புகிறோம். சோர்ஸ்ஹட் என்ற களஞ்சியத் தளத்தை நடத்துபவர்கள் 2023 ஜனவரியில், கூகுளின் கோ பிராக்ஸி தங்கள் களஞ்சியங்களைத் திரும்பத் திரும்பக் குளோன் செய்து நெருக்குவதாகச் சொல்லி, அதைத் தடுக்கப்போவதாகவே அறிவித்தார்கள். பிறகு இரு தரப்பும் பேசி, ஏற்கெனவே இருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளும் வழியைக் கோ அணியினர் சேர்க்க, தடை வரவில்லை. உங்கள் ஏதென்ஸ் அவ்வளவு பெரியதல்ல. ஆனாலும் சேமிப்பை அடிக்கடி துடைக்கும் பிராக்ஸி, ஊரிலுள்ள சின்னக் களஞ்சியக்காரர்கள் எல்லோருக்கும் தொந்தரவு என்பதை உங்கள் கூட்டத்தில் சொல்லுங்கள்.

பேக்கேஜ் கட்டி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு டெவலப்பர் மெஷினில் 'கோபிராக்ஸி' மதிப்பை உங்கள் ஏதென்ஸ் முகவரி, கமா, 'ஆஃப்' என்று வையுங்கள், வேறெங்கும் போகாது. அங்கே ஏற்கெனவே கிடக்கும் மாட்யூல்களை 'கோ க்ளீன் -மாட்கேஷ்' ஓட்டி அழித்துவிட்டு, உங்களிடம் இருப்பதிலேயே கனமான திட்டத்தைக் கட்டுங்கள். பிறகு ஏதென்ஸ் சர்வரின் வெளித்தொடர்பைத் துண்டியுங்கள். மெஷினில் 'கோ க்ளீன் -மாட்கேஷ்' ஓட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். ஓட வேண்டும். வெர்ஷன் குறிப்பிடாமல் 'லேட்டஸ்ட்' கேட்டால் மட்டும் முரண்டு பிடிக்கும். ஏதென்ஸ் இயல்பாக இருக்கும் 'ஸ்ட்ரிக்ட்' முறையில் வெர்ஷன் பட்டியலுக்கு மூலத்தையும் கேட்டாக வேண்டும், அதனால் பயப்பட வேண்டாம்.

அது முடிந்ததும் சர்வரில் சர்வீஸை நிறுத்தி 'சிஸ்டம்சிடிஎல் க்ளீன்' ஓட்டுங்கள். பேக்கேஜைப் பர்ஜ் செய்யுங்கள். மறுபடி நிறுவுங்கள். வெளித்தொடர்பு இன்னும் துண்டித்தபடியே இருக்கட்டும். டெவலப்பர் மெஷினில் மறுபடி 'கோ க்ளீன் -மாட்கேஷ்' ஓட்டிவிட்டு மூன்றாவது முறை கட்டிப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய கோப்புகளோடு செய்தால் இந்த மூன்றாவது பில்ட் விழும். திருத்தியபின் ஓடினால் டெப் கோப்பை அலுவலக ரெப்போவில் ஏற்றிவிடலாம். விழுந்தால் லாகோடு எழுதுங்கள், பார்க்கலாம்.

அன்புடன்,
உங்கள் நண்பன்